இருபது கிலோவுக்குக் கீழே

சுங்கை சிப்புட் கடைத்தெருவில்
கோழித்தீவன மூட்டைமேல்
லியோங் மூன்று தூண்டில்களைக் கிடத்தினார்.
ஒன்று நானூற்று இருபது வெள்ளி.
ஒன்று இருநூற்றுப் பத்து.
மூன்றாவதற்கு விலைச்சீட்டு இல்லை.

நான் கேட்டது ஒன்றே ஒன்று:
முதுகுப்பைக்குள் முழுசாக மறைய வேண்டும்.
லாசா தாண்டிய மண்தடத்தில்
ஒரு சாண் வெளியே நீட்டிக்கொண்டிருந்தாலும்
காடு பிடித்து இழுக்கும்.
போன வருடம் என் பழைய தூண்டிலின் நுனியை
ஒரு பிரம்புக்கொடி வாங்கிக்கொண்டது.
மிச்சத்தை நட்டு
கூடாரத்துக்குக் கால் ஆக்கினேன்.
மூன்று நாள்
மீன் துள்ளுவதைக் கேட்டுக்கொண்டு
மெகி சாப்பிட்டேன்.

ஆலை எடைப்பாலத்தில் லோரியை ஏற்றி நிறுத்திவிட்டு
குணாளன் கேட்டான்:
“ஈ ஓட்டவா அக்கா இவ்வளவு காசு?
மண்புழு போதாதா?”
சீட்டைக் கிழித்துக் கொடுத்தேன்.
அவன் சொன்னதில் பாதி சரி.
அந்த ஆற்று மீன்களும் தோட்டத்துப் பிள்ளைகள்தாம்,
உருண்டு விழுந்த செம்பனைப் பழம் தின்று வளர்ந்தவை.
ஒரு பழத்தைக் கொக்கியில் குத்தினால்
கெலா வந்து
கேள்வி கேட்காமல் விழுங்கும்.

ஆனால் நாள் முழுக்க
அந்தப் பழத்தைத்தானே நிறுக்கிறேன்.
குலைகுலையாய், டன் டன்னாய்.
சட்டையில், கூந்தலில், சாப்பாட்டு டப்பா மூடியில்
அதே எண்ணெய்.
லீவு நாளிலாவது
எடையில்லாத ஒன்றை எறிய வேண்டும் எனக்கு.
இந்தத் தூண்டிலில் எறிவது நூலைத்தான்;
கொக்கியில் கட்டிய கோழியிறகு
டிக்கெட் எடுக்காமல் கூட வரும் பயணி.

அலுவலக டேப்பை விரித்து அளந்தேன்.
இருநூற்றுப் பத்து வெள்ளிக்கு ஏழு துண்டு,
துண்டு முப்பத்தெட்டு செண்டிமீட்டர்,
கைக்குழந்தைபோல் பையில் படுத்துக்கொள்ளும்.
“ஏழு துண்டுக்கு ஆறு மூட்டு.”
லியோங் தன் முழங்காலைத் தட்டிக் காட்டினார்.
“முதலில் போவது மூட்டுதான்.”
நானூற்று இருபது வெள்ளிக்கு நான்கே துண்டு.
அசைத்தால்
நுனிவரை ஒரே மூச்சாக வளைகிறது.
வளையட்டும்.
பைக்கு வெளியே அரை முழம் நிற்கிறது,
தவிர அது என் மோட்டார் தவணையும்
இரண்டு மாதக் கரண்டு பில்லும்.

மூன்றாவது, யாரோ சொல்லிவைத்து
வாங்க வராமல் போனது.
ஆறு துண்டு, நாற்பத்து நான்கு செண்டிமீட்டர்.
உடம்பு பச்சை, நுனி மட்டும் பழுப்பு,
வேறொரு தூண்டிலிலிருந்து வந்த மருமகள்.

மழை விட்டதும் பின்சந்துக்குப் போனோம்.
கொக்கிக்குப் பதில் சிவப்புக் கம்பளி நூல்.
முதல் வீச்சு
தையல்கடை வசந்தமலர் காயப்போட்டிருந்த
பாவாடையைப் பிடித்தது.
அவள் கத்தினாள், நான் அவிழ்த்தேன்.
இரண்டாவது, கறிவேப்பிலைச் செடி.
மூன்றாவது
சாக்கடையைத் தாண்டி
தூங்கும் நாயின் காதருகே இறங்கியது.
நாய் காதை மட்டும் ஒருமுறை ஆட்டியது,
ஈ என்று நினைத்து.

அதற்குப் பிறகு பேரம் பேசுவது கஷ்டம்.
என் முகத்தை அவர் பார்த்துவிட்டார்.
இருந்தும் மூன்றாம் மூட்டில் ‘டிக்’ என்றொரு சத்தம்
இருப்பதைச் சொன்னேன்.
நூற்று நாற்பது நூற்றுப் பதினைந்தாக இறங்கியது,
மூட்டில் தேய்த்துக்கொள்ள
சாமிமேடையிலிருந்து
எரிந்து மிஞ்சிய சிவப்பு மெழுகுவத்தித் துண்டு ஒன்றும்
இனாம்.

சனிக்கிழமை, விடியுமுன்,
ஆலை வாசலில் லோரிகள் இன்னும் வரவில்லை.
பையை மாட்டிக்கொண்டு
எடைப்பாலத்தின் நடுவில் போய் நின்றேன்.
சிவப்பு எண்கள்: 60.
தூண்டிலை உருவி
பாலத்துக்கு வெளியே புல்லில் வைத்துவிட்டு
மறுபடி நின்றேன்.
60.

இருபது இருபதாக எண்ணத்தான் அதற்குத் தெரியும்.
நாற்பது டன் தூக்கும் இரும்பு,
பதினான்கு வருடமாக நான் நம்பும் இரும்பு,
என் தூண்டிலைப் பற்றி
ஒன்றும் சொல்லவில்லை.

பின்னால் முதல் லோரி ஹார்ன் அடித்தது.
புல்லிலிருந்து எடுத்துத் துடைத்தேன்.
பனி ஒட்டியிருந்தது
பழுப்பு நுனியில்.